நகராத கிழமை

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். மூட்டு சிஸ்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து வழி சொல்வார். அவர் மனைவிக்கும் மூட்டுவாதம்தான்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி கலைமணி. வல்லம் வடகாலில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே தினமும் ஸ்கூட்டியில் கன்டெய்னர் லாரிகளைத் திட்டிக்கொண்டே வேலைக்கு வருகிறவள். புருஷன் நாகப்பன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வீட்டில் அவன் வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு. பாவம், அங்கே அவனுக்குப் பேச இடம் கிடைத்தால்தானே!

கலைமணியின் அந்தப் பேச்சுதான் கடைசியில் அவளுக்கு வேலையாகவே அமைந்தது. முதலில் அவள் இருந்தது அவசரப் பிரிவில். ரோட்டில் அடிபட்டு வருகிறவனுக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவள். மூட்டுநோய் பார்க்க டாக்டர் கார்முகில் வந்து சேர்ந்தபோது, "எனக்கு ஊசி போடறவங்க வேணாம், ஜனங்ககிட்ட உக்காந்து பேசறவங்க வேணும்" என்று கேட்டு அந்தம்மா அவளை வாங்கிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்காத குறை. "இன்னா கலை, ஒன்ன ஓரங்கட்டிட்டாங்களா?" என்றார்கள். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, வெந்நீர் கெட்டில் ஒன்று. அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்தது. அவளுக்கே கொஞ்ச நாள் சப்பென்றுதான் இருந்தது.

பிறகு புரிந்தது. இந்த நோய் வந்தால் போகாது. மருந்தால் அடக்கி வைக்கலாம், அடங்கி இருக்கும்போதே பிழைப்பைப் பார்க்கலாம். டாக்டர் பார்ப்பது எப்போதோ ஒரு நாள், அதுவும் சில நிமிஷம். மற்ற நாளெல்லாம் தன் வலியைத் தானே படித்து, தன் மருந்தைத் தானே கவனித்து, எதற்குப் பயப்படலாம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தானே முடிவு பண்ண வேண்டியது நோயாளிதான். அதைக் கற்றுக்கொடுக்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான்தான் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து கலைமணி நடையே மாறிவிட்டது. தலைக்கனம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே, செய்கிற வேலையில் ஒரு பெருமை இல்லாமல் என்ன வாழ்க்கை?

யார் வந்தாலும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கைய காட்டு." கைரேகை பார்க்கிற சிஸ்டர் என்று கம்பெனிப் பையன்கள் கிண்டல் செய்வார்கள். சுகப்பிரியாவும் அப்படித்தான் கையை நீட்டினாள்.

தென்காசிப் பக்கத்துப் பெண். படித்து முடித்த கையோடு சிநேகிதிகளுடன் பஸ் ஏறி வந்து, கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தவள். ஒயர் முனையில் பிளாஸ்டிக் கனெக்டரை மாட்டி, டிக்கென்று சத்தம் வரும்வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஷிப்ட் முழுக்க அந்த டிக்தான். இப்போது விரல் முட்டிகளெல்லாம் வீங்கி, மணிக்கட்டு உப்பியிருந்தது.

"காலைல எந்திச்சா விரலு மடங்கவே மாட்டேங்குக்கா. ரூம்ல உள்ள பிள்ளதான் தலை பின்னி விடுதா. கம்பெனி பஸ் வாரதுக்குள்ள பக்கெட்டத் தூக்கி ஒரு குளி குளிக்க ஏலலை."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா உடனே ஊருக்கு வான்னுருவாவ. போனா திரும்பி விடமாட்டாவ." அவள் கையை இழுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். "டிரெய்னிங் முடியும்போது டெஸ்ட் இருக்குக்கா. பாஸானாத்தான் பெர்மனன்ட். இல்லன்னா பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

டாக்டர் பரிசோதித்து, ரத்தம் பார்த்து, ருமட்டாய்டு மூட்டுவாதம் என்று உறுதி செய்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரையை எழுதினார். அது தினமும் போட்டால் ஆளையே சாய்த்துவிடக்கூடிய மாத்திரை. அதனால் அதைச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் கலைமணி விளையாட்டுப் பேச்சையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுவாள்.

"வாரத்துல ஒரே நாளு. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்ட்டு போட்டுக்க. ரெண்டு நாள் தள்ளி இந்த மஞ்ச மாத்திரை. மாசாமாசம் ரத்தம் குடுக்கணும். மெடிக்கல் ஷாப்புல போயி வலிக்கு ஒரு செட்டு குடுன்னு வாங்கி முழுங்கினேன்னு தெரிஞ்சிது, அப்புறம் நானே ஒனக்கு வலி குடுப்பேன். காய்ச்சல் வந்தா மாத்திரைய நிறுத்திட்டு போன் பண்ணு. கல்யாணம் கில்யாணம்னு பேச்சு வந்தா மொதல்ல எனக்கு சொல்லு, அப்புறமா பத்திரிகை அடி. இந்த மாத்திரை வயித்துல கொழந்த இருக்கசொல்ல ஆகாது."

சுகப்பிரியா முதல் தடவையாகச் சிரித்தாள். கலைமணி வெந்நீரில் அவள் கைகளை நனைய வைத்து, விரல்களை எப்படி மெல்ல மடக்கி விரிப்பது என்று காட்டினாள். கனெக்டரைக் கட்டைவிரலால் குத்தாமல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மருந்து டப்பா மூடியை வைத்து இரண்டு பேரும் அழுத்தி அழுத்திப் பழகினார்கள். கிளம்பும்போது சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். கலைமணிக்குத் தன் சாமர்த்தியத்தில் தனக்கே திருப்தி.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. வீக்கம் வடிந்தது, தலையைத் தானே பின்னிக்கொண்டு வந்தாள். டெஸ்டுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது, பொங்கல் முடிந்த கையோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. கை பழையபடி உப்பியிருந்தது. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே புண்.

டாக்டர் கார்முகில் நெடுநேரம் பார்த்தார். பிறகு சுகப்பிரியாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கலைமணியைக் கூப்பிட்டார்.

"எனக்கு இடிக்குது சிஸ்டர். கையப் பார்த்தா மாத்திரை உள்ள போகாத மாதிரி இருக்கு. வாயப் பார்த்தா அதிகமாப் போன மாதிரி இருக்கு. ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்? கேட்டா, ஞாயித்துக்கிழமை தவறாம போடறேன்னு சத்தியம் பண்றா. பொய் சொல்ற பொண்ணாவும் தெரியல. ரத்தத்துக்கு அனுப்பிட்டேன். நீங்க பேசிப் பாருங்க."

கலைமணிக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படியே போனால் டெஸ்ட் அன்று அந்தக் கை என்னத்துக்கு ஆகும்? பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்டபடி திட்ட வேண்டும் என்றுதான் போனாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வேறு ஏதாவது பேசுவோம் என்று கேட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை இன்னா பண்ண? தூங்கினியா, சினிமாவுக்குப் போனியா?"

"எந்த ஞாயிறுக்கா? போன வாரம் ரெண்டு ஞாயிறுல்லா வந்துச்சு."

கலைமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு ஞாயிறா?"

"ஆமாக்கா. செவ்வாக்கிழமை ஒரு ஞாயிறு, வெள்ளிக்கிழமை ஒரு ஞாயிறு. பொங்கலுக்கு முன்னால ஓ.டி. ஓ.டி.ன்னு மூணு வாரமா ஞாயிறே விடலல்லா, அதுக்குப் பதிலா குடுத்தாவ."

அப்போதுதான் கலைமணிக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகள் தங்கியிருக்கிற கம்பெனி ஹாஸ்டலில் ஞாயிறு என்றால் ஞாயிறு இல்லை. கம்பெனி ஆஃப் கொடுக்கிற நாளுக்குத்தான் ஞாயிறு என்று பெயர். ஷிப்டு மாற மாற அது திங்களிலும் வரும், வியாழனிலும் வரும். 'எனக்கு இந்த வாரம் ஞாயிறு புதன்கிழமை' என்று ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி துளிகூடச் சிரிக்காமல் 'எனக்குச் சனி' என்பாள். காலண்டரில் சிவப்பாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இவர்கள் லைனில் நின்று கனெக்டர் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆக, இந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிறு வராத வாரங்களில் மாத்திரை இல்லை. இரண்டு ஞாயிறு வந்த வாரத்தில் இரண்டு தரம்.

கலைமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவள் குடும்பம் நடத்துகிற நாகப்பனும் இதே எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கிறவன்தான். ஆனால் அவன் ஆஃப் என்றுதான் சொல்வான், ஞாயிறு என்று ஒருநாளும் சொன்னதில்லை. தெற்கத்திப் பிள்ளைகள் ஒரு ரூமில் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு காலண்டரையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்!

டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மருந்தைக் கூட்டுவதற்கு எழுத இருந்தவர், அந்த எண்ணத்தை விட்டார். ரத்தத்தில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், வாய்ப்புண் ஆறுகிற வரை மாத்திரை வேண்டாம், பிறகு பழையபடி ஆரம்பிக்கட்டும் என்றார்.

"ஆனா எந்த நாள்ல? நீங்க வாராவாரம் போன் பண்ணி ஞாபகப்படுத்தறேன்னு கிளம்பிடாதீங்க சிஸ்டர். எத்தனை பேருக்கு நீங்க அலாரம் அடிப்பீங்க?"

அதைத்தான் செய்ய நினைத்திருந்தாள் கலைமணி. டாக்டர் அவள் மனசைப் படித்துவிட்டது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பி வந்து சுகப்பிரியாவிடம், "யோசிச்சு சொல்லு. ஷிப்டு மாறினாலும், ஓ.டி. வந்தாலும், ஒன் வாரத்துல நகராத கெழமை எதுனா கீதா?" என்று கேட்டாள்.

அவள் யோசித்தாள். கலைமணிக்கு நாக்கு நுனியில் நாலு யோசனை வந்து நின்றது. ஒன்றையும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்தது அன்றைக்குத்தான்.

"முட்டை," என்றாள் சுகப்பிரியா.

"இன்னாது?"

"புதன்கிழமை ராத்திரி எங்க மெஸ்ல முட்டைக்கா. மழை பெஞ்சாலும் புயல் அடிச்சாலும் புதன்னா முட்டைதான். டே ஷிப்டுல சாப்பிட்டுட்டுப் படுப்போம், நைட் ஷிப்டுன்னா சாப்பிட்டுட்டு பஸ் ஏறுவோம். முட்டையை உரிச்சதும் மாத்திரை. மறக்காது."

கலைமணி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சந்தோஷத்தில் அவள் அப்படித்தான் அடிப்பாள், நாகப்பனைக் கேட்டால் தெரியும். அன்றிலிருந்து அவளுடைய பெஞ்சில் யாருக்கும் கிழமை சொல்லிக் கொடுப்பதில்லை. நகராத கிழமை எது என்று கேட்பாள், அவ்வளவுதான். மணிமங்கலத்து சரோஜா கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை என்பாள். படப்பையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிற நெல்லையப்பன், மகள் ஊரிலிருந்து கூப்பிடுகிற சனிக்கிழமை என்பார்.

மாத்திரை ஒழுங்காக இறங்க இறங்க, சுகப்பிரியாவின் கை மெல்ல மெல்ல வடிந்தது. ஆனால் டெஸ்ட் நெருங்கும்போது வேறு ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. லைன் சூப்பர்வைசர் அன்பு, அவள் உள்ளங்கையால் அழுத்துவதைப் பார்த்துவிட்டான். கம்பெனி முறை கட்டைவிரல்தான், சுவரில் படம் போட்டு மாட்டியிருக்கிறது, டெஸ்டில் இப்படிச் செய்தால் ஃபெயில்தான் என்று சொல்லிவிட்டான்.

இதைக் கேட்டதும் கலைமணிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எவன் அவன்? ஸ்கூட்டிய எடுத்துகினு நானே வரேன். கேட்டுல நின்னு கூப்புட்றேன். அவன் கட்டவெரல நான் ஒரு நாள் பூரா அழுத்திப் பாக்கறேன்."

"வேண்டாம்க்கா," என்றாள் சுகப்பிரியா. சத்தமாகச் சொல்லவில்லை. "நீங்க வந்தியன்னா நான் உங்க பின்னால நிக்கணும். பொறவு தினமும் லைன்ல நான் மட்டும்தான நிக்கணும். நானே பேசுதேன்."

கலைமணிக்குச் சுருக்கென்றது. கையில் எடுத்த ஸ்கூட்டி சாவியை மேஜை மேல் வைத்தாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்குத்தான் தான் இத்தனை வருஷம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும், கேட்டதும் மனசு ஏன் இப்படி வலிக்கிறது என்பதும் அவளுக்கு ஒருங்கே தோன்றியது.

"சரி. அப்போ நான்தான் அன்பு," என்று சட்டைக் காலரைத் தூக்கிவிடுவது போல யூனிஃபார்மை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "இன்னாம்மா, லைன நிறுத்திட்டு இன்னா பேச்சு?"

முதல் தடவை சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு. இரண்டாம் தடவை அழுகை. மூன்றாம் தடவை, கலைமணி வேண்டுமென்றே எரிந்து விழுந்தபோது, அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சார், எனக்கு மூட்டுவாதம். மருந்து எடுக்கேன், வேலை பாப்பேன். விரலால அழுத்தினா கை கெட்டுப் போவும், உள்ளங்கையால அழுத்தினா ரெண்டு பேருக்கும் வேலை நடக்கும். என் பீஸ் எத்தனை ரிஜெக்ட் ஆச்சுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க சார்." பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார், அவளால் எதெல்லாம் முடியும் என்று. முடியாததைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து சத்தமே இல்லை. டெஸ்ட் வாரம் வந்தது. புதன்கிழமை முழுக்கக் கலைமணி போனை எடுத்தாள், வைத்தாள். மாத்திரை போட்டாளா, பேசினாளா, அவன் என்ன சொன்னான் என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் அந்தப் பிள்ளை தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். வீட்டில் அவள் பேச்சுக் குறைந்ததைப் பார்த்து நாகப்பன், "ஒடம்பு சரியில்லயா?" என்றே கேட்டுவிட்டான்.

மறு வாரம், டாக்டரிடம் திரும்பக் காட்டுகிற ரிவ்யூ நாள். சுகப்பிரியா வரவில்லை. காலை டோக்கன் முடிந்தது, பதினோரு மணி டீயும் வந்துவிட்டது, ஆளைக் காணோம். இதுவரை ஒரு ரிவ்யூகூடத் தவறாதவள். கலைமணி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. லைனில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள், லாக்கரில் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் மனசு கேட்க வேண்டுமே. ஃபெயில் போட்டுவிட்டான், பையைக் கட்டிக்கொண்டு கிளாம்பாக்கத்தில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கிறாள், சொல்லிக்கொள்ள முகமில்லாமல் போய்விட்டாள் என்று என்னென்னவோ ஓடியது. அந்தக் கையை இனி அந்த ஊரில் யாரிடம் காட்டுவாள்?

அப்போது போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், லாக்கர் கதவுகள், பெண்கள் பேச்சு.

"அக்கா, டீ டைம். சீக்கிரம் சொல்லுதேன். இன்னைக்கு வர ஏலலை, புது பேட்ச்சுக்கு நான்தான் வேலை காட்டுதேன். ரத்தம் நேத்தே குடுத்துட்டேன், ரிப்போர்ட்ட டாக்டரம்மா நம்பருக்கு அனுப்பிட்டேன். ரிவ்யூவ திங்கக்கிழமைக்கு மாத்திட்டேன், கவுண்டர்ல கேட்டுப் பாருங்க."

"டெஸ்ட் இன்னாச்சுடி?" கலைமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பெர்மனன்ட்டுக்கா. டெஸ்டுக்கு மொத நாள் கை வீங்கிருச்சு. பயந்துதான் போனேன். பொறவு பாத்தேன், காய்ச்சல் இல்ல, ஒரு முட்டி மட்டும் செவந்து கொதிக்கல, அப்படின்னாத்தான பயப்படணும். எப்பவும் வாரதுதான்னு தெரிஞ்சுச்சு. வெந்நில வச்சேன், மணிக்கட்டுல பட்டி கட்டிப் படுத்தேன், காலைல சார்ட்ட சொல்லி கடைசி ஆளா டெஸ்டுக்கு நின்னேன், அதுக்குள்ள விரலு மடங்கிருச்சு. உள்ளங்கையாலதான் செஞ்சேன், அன்பு சார்ட்ட மொதல்லயே பேசிட்டேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் இல்ல."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? நான் இங்க கெடந்து..."

"எதுக்குக்கா? அதான் எனக்கே தெரிஞ்சுச்சுல்லா."

"அதுக்கில்ல பாப்பா, இனிமேட்டு வீக்கம் வந்தா மொதல்ல நீ இன்னா செய்யணும்னா..."

"தெரியும்க்கா. பெல் அடிச்சிட்டாவ, புதுப் பிள்ளைக காத்துக்கிட்டு நிக்கி. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். கலைமணி வாயைத் திறந்தபடி நின்றாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கூட அவள் பேசி முடிக்கிற வரை காத்திருப்பார். அவள் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் போனவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் இதுவரை ஒருவரும் கிடையாது.

டாக்டர் கார்முகில் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு சிஸ்டர் போன்ல? என்ன ஆச்சு?"

"சுகப்பிரியா மேடம்." கலைமணிக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. குரல் மட்டும் வரிசையில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது. "என் போனையே கட் பண்ணிட்டா மேடம். வேல கீதாம் அவளுக்கு."